எடிசன் கேட்ட கேள்விகளும் நமது உதவித்தொகைப் படிவமும்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றியோ, ஒர்க் ஷாப்பில் ஃபைலிங் செய்து செய்து கை கொப்பளித்த கதையையோ எழுதுவேன் என்றுதான் அவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். அவற்றை என்னைவிட ருசியாக எழுதக்கூடிய சீனியர்கள் இம்மலரில் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது கொஞ்சம் வறண்ட விஷயம்: விண்ணப்பப் படிவத்தில் கேட்கப்படும் கேள்விகள். வறண்டது என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதற்குள் எடிசன் வருகிறார், ஐன்ஸ்டீன் வருகிறார், நம்ம கும்பகோணத்து ராமானுஜனும் வருகிறார்.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. நமது சங்கம் மாணவர்களுக்கு வழங்கும் உதவித்தொகைக்கான படிவத்தைத் திருத்தி எழுதும் வேலை எங்கள் சிலரிடம் வந்திருக்கிறது. அதற்காகப் பழைய படிவங்களைக் கட்டுக்கட்டாகப் படித்தோம். 'உங்கள் வாழ்க்கை லட்சியம் என்ன?' என்று ஒரு கேள்வி. நல்ல வேலையில் சேர்வேன், பெற்றோரைக் காப்பாற்றுவேன், நாட்டுக்குச் சேவை செய்வேன் என்று பெரும்பாலோர் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள். பிள்ளைகள் மேல் குற்றம் இல்லை. கேள்வி அப்படி. அந்த வயதில் நம்மிடம் அதையே கேட்டிருந்தால் நாமும் அதையேதான் எழுதியிருப்போம். ஐம்பது படிவம் படித்த பிறகு, எந்தப் பையன் ராத்திரி விளக்கை அணைத்த பிறகும் எதையோ யோசித்துக்கொண்டு படுத்திருப்பவன், எந்தப் பெண் வீட்டு மிக்ஸியைப் பிரித்துப் பார்த்துத் திட்டு வாங்கியவள் என்று எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

அப்படிப்பட்டவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி உண்டா என்று இதற்கு முன் யாராவது முயன்றிருக்கிறார்களா? முயன்றிருக்கிறார்கள். அந்தக் கதை மிகவும் சுவையானது.

தாமஸ் ஆல்வா எடிசனிடமிருந்து தொடங்குவோம். பள்ளிக்கூடத்தில் சில மாதங்களே படித்தவர் அவர். 1921-இல், தமது 74-ஆவது வயதில், நியூ ஜெர்ஸியில் உள்ள வெஸ்ட் ஆரஞ்சு தொழிற்கூடத்துக்கு வேலை கேட்டு வரும் பட்டதாரிகளுக்கென்று சுமார் 150 கேள்விகள் கொண்ட ஒரு தாளைத் தயாரித்தார். பிரான்ஸின் எல்லையில் உள்ள நாடுகள் எவை? வோல்கா ஆறு எங்கே இருக்கிறது? மடக்கையைக் கண்டுபிடித்தவர் யார்? தோலை எப்படிப் பதனிடுகிறார்கள்? அரக்கு என்பது என்ன? மண்ணெண்ணெய்ப் பீப்பாயை எந்த மரத்தில் செய்கிறார்கள்? ஆஸ்திரேலியா பெரிதா, கிரீன்லாந்து பெரிதா? இந்த ரகத்தில் வரிசையாகப் போகிறது. நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கினால்தான் தேர்ச்சி.

வந்தவர்களில் பெரும்பாலோர் தோற்றார்கள். கல்லூரியில் படித்தவர்களுக்கு உலகத்தில் ஒன்றுமே தெரியவில்லை என்று எடிசன் பத்திரிகைகளில் வெளிப்படையாகவே அலுத்துக்கொண்டார். விஷயம் தெரிந்தால்தானே அதைக்கொண்டு முடிவெடுக்க முடியும், நினைவாற்றல் இல்லாத நிர்வாகி என்ன நிர்வாகி என்பது அவர் வாதம். அந்த வாதத்தை முழுவதுமாகத் தள்ளிவிட முடியாது. சைட்டில் நிற்கும் என்ஜினீயருக்கு அவசரத்தில் ஒரு எண் நினைவுக்கு வராவிட்டால் என்ன ஆகும் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான்.

ஆனால் அதே ஆண்டு மே மாதம், தேர்வு எழுதி வந்த ஒருவர் கேள்விகளை நினைவிலிருந்து சொல்ல, நியூயார்க் டைம்ஸ் அவற்றை அச்சிட்டுவிட்டது. சில நாளில் விடைகளும் வந்துவிட்டன. ஊர் முழுக்க இதே பேச்சு. பேராசிரியர்களையும் பெரிய மனிதர்களையும் பிடித்துப் பத்திரிகைக்காரர்கள் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். அப்போது அமெரிக்கப் பயணத்தில் இருந்த ஐன்ஸ்டீன் பாஸ்டனுக்கு வந்தார். ஒலியின் வேகம் என்ன என்று அவரிடம் கேட்டார்கள். தெரியாது என்றார். புத்தகத்தில் எளிதாகக் கிடைக்கும் தகவலைத் தலையில் சுமந்துகொண்டு திரிவதில்லை என்று பதில் சொன்னார். எடிசனின் தாள்படி பார்த்தால் ஐன்ஸ்டீனுக்கு ஒரு மார்க் போச்சு!

இந்த இடத்தில் எடிசனைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடுவது வழக்கம். எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது அடுத்த கட்டத்தில்தான். எட்டு ஆண்டு கழித்து, 1929 ஆகஸ்டில், அவர் இன்னொரு தேர்வு நடத்தினார். இந்தத் தடவை நோக்கம் உதவித்தொகை. அமெரிக்காவின் 48 மாநிலங்களிலிருந்தும் வாஷிங்டன் தலைநகர்ப் பகுதியிலிருந்தும் ஆளுக்கு ஒருவராக 49 பையன்களைத் தேர்ந்தெடுத்து வெஸ்ட் ஆரஞ்சுக்கு வரவழைத்தார்கள். வெற்றி பெறுகிறவருக்கு எம்.ஐ.டி.யில் நான்காண்டுப் படிப்புச் செலவு முழுவதும் கிடைக்கும். ஹென்றி ஃபோர்டு, ஈஸ்ட்மன், லிண்ட்பெர்க் எல்லாம் நடுவர்கள்.

தாளில் இயற்பியல், வேதியியல், கணக்கு இருந்தன. அவற்றோடு வேறு ரகக் கேள்விகளும் வந்திருந்தன. பொய் சொல்வது எப்போது சரி என்று நினைக்கிறாய்? பத்து லட்சம் டாலர் உனக்குக் கிடைத்தால் என்ன செய்வாய்? வாழ்நாளின் கடைசியில் திரும்பிப் பார்க்கும்போது, நீ வென்றாயா தோற்றாயா என்பதை எதை வைத்து முடிவு செய்வாய்? மிகவும் பேசப்பட்டது பாலைவனக் கேள்வி. நீ தலைமை தாங்கிச் சென்ற குழு பாலைவனத்தில் சிக்கிக்கொண்டது. இருக்கிற உணவும் தண்ணீரும் மூன்று பேர் ஊர் போய்ச் சேரத்தான் போதும். குழுவில் 60 வயது விஞ்ஞானி ஒருவர், அவர் மனைவி, ஆறு வயது மகன், இரண்டு வழிகாட்டிகள், நீ மணக்கப்போகும் பெண், உன் உயிர் நண்பன், அப்புறம் நீ. யார் பிழைக்க வேண்டும், யார் சாக வேண்டும், ஏன்?

பதினாறு, பதினேழு வயதுப் பையன்களிடம் கேட்கிற கேள்வியா இது என்று அன்றைக்கே பலர் முகம் சுளித்தார்கள். எனக்கும் அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. மனிதர்களுக்கு விலை போடச் சொல்கிறது. ஆனாலும் 1921-க்கும் 1929-க்கும் நடுவில் நடந்திருப்பதைப் பாருங்கள். முதல் தாளில் விடை எடிசனுக்குத் தெரியும், உனக்குத் தெரியுமா என்று சோதிக்கிறார். இரண்டாவது தாளில் சில கேள்விகளுக்கு எடிசனுக்கே விடை தெரியாது. பேப்பரில் வெளியானாலும் பெரிய நஷ்டமில்லை. மனப்பாடம் செய்ய அதில் என்ன இருக்கிறது? வென்றவர் சியாட்டிலைச் சேர்ந்த வில்பர் ஹூஸ்டன் என்ற பையன். அவர் பின்னாளில் நாசாவில் நிம்பஸ் வானிலைச் செயற்கைக்கோள் திட்டத்தில் பணியாற்றினார்.

சரி, திறந்த கேள்வி கேட்டால் போதும், வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. அதே 1920-களில் அமெரிக்காவில் நடந்த இன்னொரு சங்கதியையும் சொல்லியாக வேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அதுவரை நுழைவுத்தேர்வில் மதிப்பெண் வாங்கினால் இடம். அந்த முறையில் யூத மாணவர்கள் நிறையப் பேர் உள்ளே வந்தார்கள். 1922-இல் புதிதாகச் சேர்ந்தவர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். தலைவராக இருந்த லாவெல்லுக்கு இது பொறுக்கவில்லை. அந்த ஆண்டு விண்ணப்பப் படிவத்தில் புதுக் கேள்விகள் முளைத்தன. இனம் என்ன, மதம் என்ன, தாயின் பிறந்தவீட்டுப் பெயர் என்ன, தந்தை பிறந்த ஊர் எது. எல்லாவற்றுக்கும் மேலாக, நீயோ உன் தந்தையோ பிறந்தபின் பெயரை மாற்றிக்கொண்டதுண்டா, விவரமாக எழுது! சில ஆண்டுகளில் புகைப்படமும் கேட்டார்கள். 'குணநலன்', 'ஆளுமை' என்று மதிப்பெண்ணுக்கு அப்பாற்பட்ட அளவுகோல்கள் வந்தன. யூத மாணவர்களின் எண்ணிக்கையும் குறைந்தது. மாணவனை 'முழு மனிதனாக'ப் பார்க்கிறோம் என்று இன்று பெருமையாகச் சொல்லப்படும் அமெரிக்க அட்மிஷன் முறையின் வேர் ஒன்று இந்த மண்ணில் இருக்கிறது. ஒரு கேள்வி வாசலைத் திறக்கவும் செய்யும், சத்தமில்லாமல் தாழ்ப்பாள் போடவும் செய்யும்.

இதனால்தான் தமிழ்நாட்டுக்காரனான எனக்கு இந்த விஷயத்தில் இரண்டு மனசு. நம் ஊர் பொறியியல் சேர்க்கை எந்தக் கேள்வியும் கேட்பதில்லை. 1984 முதல் நுழைவுத்தேர்வு இருந்தது. பிளஸ் டூ மதிப்பெண் 200-க்கு, நுழைவுத்தேர்வு 100-க்கு, ஆக 300-க்குக் கட்-ஆஃப் போட்ட காலத்தை நம் சீனியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நுழைவுத்தேர்வு கோச்சிங் என்பது நகரத்தில் இருப்பவனுக்கும் காசு இருப்பவனுக்கும்தான் என்ற வாதம் நீண்ட காலம் நடந்து, 2007-இல் சட்டம் வந்து அது ஒழிந்தது. அந்த ஆண்டு உள்ளே வந்தவர்கள் நாங்கள். கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200. அவ்வளவுதான். அண்ணா பல்கலைக்கழகத்தில் கவுன்சலிங்குக்கு அப்பாவோடு போய், திரையில் இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நீ யார், எதைப் பற்றி யோசிக்கிறாய், எதற்காக மெக்கானிக்கல் என்று யாரும் கேட்கவில்லை.

கேட்காததில் ஒரு பெரிய நன்மை இருந்தது. என் அறைத் தோழன் ஒருவனின் வீட்டில் அவன்தான் முதல் பட்டதாரி. தமிழ் வழியில் படித்தவன். 'உன்னைப் பற்றிச் சொல்' என்று யாராவது கோட்டு சூட்டு போட்டவர் எதிரே உட்கார்ந்து கேட்டிருந்தால் அவனுக்கு அன்றைக்கு நாக்கு எழுந்திருக்காது. அவனை உள்ளே கொண்டுவந்தது அந்த ஊமைக் கட்-ஆஃப்தான். எந்த நேர்முகமும் அவனைக் கொண்டுவந்திருக்காது. அதே சமயம், நான்கு வருடம் அந்த அறையில் அவன் ரேடியோவையும் பழைய மோட்டாரையும் பிரித்துப் போட்டுக் கொண்டிருந்ததை எந்தப் படிவமும் பதிவு செய்யவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? எங்கள் குழுவில் இதுதான் பெரிய விவாதமாக இருந்தது.

கேள்வியே தெரியாமல் கேள்வி கேட்ட இரண்டு சம்பவங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1942 ஜனவரியில் இங்கிலாந்தின் டெய்லி டெலிகிராஃப் பத்திரிகை ஒரு குறுக்கெழுத்துப் போட்டி நடத்தியது. 12 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். கலந்துகொண்டவர்கள் பொழுதுபோக்காகத்தான் வந்தார்கள். சில வாரம் கழித்து அவர்களில் சிலருக்கு ராணுவத்திலிருந்து கடிதம் வந்தது. ஜெர்மானியரின் ரகசியச் செய்திகளை உடைத்துக்கொண்டிருந்த பிளெட்ச்லி பார்க்கில் வேலை! இன்னொன்று 2004-இல். அமெரிக்காவின் சிலிக்கன் பள்ளத்தாக்கில் நெடுஞ்சாலை ஓரம் ஒரு விளம்பரப் பலகை. கம்பெனிப் பெயர் இல்லை. இயற்கை மடக்கையின் அடியான 'e' என்ற எண்ணின் தசம இலக்கங்களில் அடுத்தடுத்து வரும் முதல் பத்து இலக்கப் பகா எண்ணைக் கண்டுபிடி என்று மட்டும் இருந்தது. விடை 7427466391. அதை இணைய முகவரியாகப் போட்டுப் போனவர்கள் இன்னொரு புதிரையும் தாண்டி, கடைசியில் கூகுளின் வேலை அழைப்பில் போய் நின்றார்கள். போகிற வழியில் வண்டியை ஓரங்கட்டிக் கணக்குப் போடுகிறவன் நமக்கு வேண்டிய ஆள்தான் என்ற எண்ணம். ஆனால் நேர்முகத்தில் கேட்ட புதிர்களைப் பற்றி, ஒரு விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்து கொள்ளும் என்பது போன்றவற்றைப் பற்றி, அதே கூகுளின் பணியாளர் துறைத் தலைவர் லாஸ்லோ பாக் 2013-இல் கைவிரித்துவிட்டார். அவற்றால் ஒன்றும் தெரிவதில்லை, கேட்பவருக்குத் தாம் புத்திசாலி என்ற திருப்திதான் மிச்சம் என்கிற ரீதியில் சொன்னார். புதிர் கேட்டு நம்மைப் படுத்திய கேம்பஸ் இன்டர்வியூக்களை நினைத்து இங்கே ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.

இனி ராமானுஜன். அவரைத் தேர்வுத்தாள்கள் எப்படி நடத்தின என்பது எல்லோருக்கும் தெரியும். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி, எஃப்.ஏ. தேர்வில் தோல்வி, மறுபடியும் தோல்வி. கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் செல்லவில்லை. 1912 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகத்துக்கு அவர் எழுதிய குமாஸ்தா வேலை விண்ணப்பம் இன்றும் பேசப்படுகிறது. மெட்ரிகுலேஷன் தேறியிருக்கிறேன், எஃப்.ஏ. வரை படித்தேன், சூழ்நிலையால் தொடர முடியவில்லை, என் நேரம் முழுவதையும் கணிதத்திலேயே செலவிட்டு வருகிறேன் என்று அதில் எழுதினார். மார்ச் முதல் தேதி மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்தார். 'நேரம் முழுவதையும் கணிதத்தில்' என்று யாரும் அவரைக் கேட்கவில்லை, அவராகச் சொன்னது. நம் படிவத்தில் அப்படிச் சொல்ல ஒரு கோடிட்ட இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

அதற்கு ஓராண்டு முன்பு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1911-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழுக்கு ராமானுஜன் ஒரு கேள்வியை அனுப்பினார். ஒன்றோடு, ஒரு வர்க்கமூலத்தின் இரண்டு மடங்கைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும்; உள்ளே இருக்கும் வர்க்கமூலத்துக்குள்ளும் ஒன்று, அதோடு இன்னொரு வர்க்கமூலத்தின் மூன்று மடங்கு; அதற்குள் நான்கு மடங்கு; இப்படி முடிவே இல்லாமல் போகிறது. மதிப்பு என்ன? ஆறு மாதம் காத்திருந்தும் வாசகர் ஒருவரும் விடை அனுப்பவில்லை. அவரே சொன்னார்: 3. எஃப்.ஏ. கேள்விகளுக்கு விடை எழுத முடியாதவர் என்று முத்திரை குத்தப்பட்டவர், மற்றவர்கள் விடை எழுத முடியாத கேள்வியை எழுதிக்கொண்டிருந்தார். அவரை யாரென்று காட்டியது அவர் எழுதிய விடைத்தாள்கள் எதுவும் இல்லை, அவர் கேட்ட இந்தக் கேள்விதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். துறைமுக அலுவலகத்தில் அவருக்கு மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர் கணிதம் அறிந்தவர். அதே கணிதக் கழகத்தைச் சேர்ந்தவர். நோட்டுப் புத்தகத்தைப் பார்த்ததும் இது என்ன சரக்கு என்று அவருக்குப் புரிந்தது. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்குப் போன கடிதமும் அப்படித்தான். இங்கிலாந்தில் வேறு கணித அறிஞர்களுக்கு எழுதியும் பயனில்லாமல் போயிருந்தது, உட்கார்ந்து படிக்க ஹார்டி கிடைத்தார். அதே ஆண்டு மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்த வேலையை அறிக்கையாகத் தர வேண்டும், அதுதான் நிபந்தனை. விதியை வளைத்துக் கொடுத்த அந்த உதவித்தொகையை விட நல்ல முன்மாதிரி நமக்கு வேறு வேண்டுமா?

ஆகவே எங்கள் குழு ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது. அதற்கு முன் எங்கள் குழுவில் ஒரு சீனியர், அறுபது வயதைத் தாண்டியவர், கேட்டதை அப்படியே எழுதுகிறேன்: "ஏம்ப்பா, பசிச்சு வர்ற பிள்ளைக்குச் சோறு போடறதுக்கு முன்னாடி புதிர் போடுவீங்களா?" நியாயமான கேள்வி. அதனால் படிவத்தை இரண்டாகப் பிரித்தோம். கல்லூரிக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணத்துக்கான உதவி முழுக்க முழுக்கக் குடும்ப நிலையைப் பார்த்துத்தான். அதில் கட்டுரையும் இல்லை, லட்சியமும் இல்லை. யோசிக்கிற பிள்ளை என்பதற்காக ஒருவருக்கு மெஸ் பில் கட்டுவதும், யோசிக்கத் தெரியவில்லை என்று இன்னொருவரை விட்டுவிடுவதும் நமக்கு வேண்டாம். இரண்டாவது பகுதி, விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும். ஏதாவது ஒன்றைச் செய்து பார்க்க, பொருள் வாங்க, புத்தகம் வாங்க, எங்காவது போய்ப் பார்த்துவரச் சிறு தொகை.

அதில் ஒரே ஒரு கேள்வி: 'உங்களுக்கு விடை தெரியாத, தெரிந்துகொள்ள ஆசைப்படும் ஒரு கேள்வியை எழுதுங்கள். அதற்கு விடை தேட இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள்?'

தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம் என்று அதன் கீழேயே தடித்த எழுத்தில் போட்டிருக்கிறோம். பிழைக்கு மார்க் குறைப்பதில்லை. படம் வரைந்து காட்டலாம். ஒரு பக்கம் போதும். செல்போனைத் தட்டினால் கட்டுரையே எழுதிக் கொடுக்கிற காலம் இது. எடிசன் தாள் வெளியாகச் சில வாரமாவது பிடித்தது, இன்று எந்தக் கேள்விக்கும் நொடியில் அழகான விடை வந்துவிடும். அதனால்தான் இரண்டாவது வரி. 'எங்க ஊர் பம்புசெட் மோட்டார் மத்தியானம் மட்டும் ஏன் சூடாகுது? மூணு நாள் மணிக்கு மணி வோல்டேஜ் குறிச்சு வச்சேன், பாதியில மீட்டர் போயிடுச்சு' என்று ஒருவர் எழுதினால், அதை நேரில் பத்து நிமிடம் பேசினாலே நிஜமா இல்லையா என்று தெரிந்துவிடும். மீட்டர் போனது எப்படி என்று கேட்டால் போதாதா?

மிச்சம் இருக்கும் சிக்கல் ஒன்றுதான்: வாசிக்க ஆள். இப்படிப்பட்ட பதில்களை அவசரமாகப் படித்தால் பழைய படிவமே மேல். ஒவ்வொரு பதிலையும் இருவர் தனித்தனியாகப் படிக்க வேண்டும்; அவர்களில் ஒருவராவது பதில் எழுதியவரோடு பேச வேண்டும்; தொகை கிடைக்காதவர்களுக்கும் அவர்கள் கேள்வியைப் பற்றி நான்கு வரி எழுதி அனுப்ப வேண்டும் என்று வைத்திருக்கிறோம். ஒருவருக்குப் பத்துப் பதிலுக்கு மேல் தரப்போவதில்லை. சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிகல் என்று எல்லாத் துறையிலிருந்தும் ஆள் வேண்டும். ஓய்வு பெற்ற சீனியர்கள் வந்தால் ரொம்ப சந்தோஷம். துருவித் துருவிக் கேட்பதில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை என்பது வைவா எழுதியவர்களுக்குத் தெரியும்.

படிவத்தின் மாதிரி, சந்திப்பு நாளன்று அரங்க வாசலில் பதிவு மேசைக்குப் பக்கத்தில் இருக்கும். பக்கத்திலேயே நூலில் கட்டிய பென்சில் ஒன்றும் இருக்கும். திருத்தம் சொல்ல நினைப்பவர்கள் ஓரத்தில் எழுதிவிடுங்கள். படிக்க முன்வருபவர்கள் கீழே பெயரையும் துறையையும் சேர்த்தே எழுதுங்கள்.